ட்ராயிங் மாஸ்டரின் தொழிற்சாலை

பம்பாயில் 1887இல் தொடங்கப்பட்ட விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில், அதன் ஆரம்ப ஆண்டுகளில், இயந்திர வரைபடப் பாடத்துக்கு உதவி ஆசிரியராக இருந்தவர் லட்சுமண்ராவ் காசிநாத் கிர்லோஸ்கர். பெல்காம் பக்கத்துக் குர்லஹோசூரில் 1869 ஜூன் 20ஆம் தேதி பிறந்தவர். தந்தை வேதாந்தம் படித்தவர். மகனுக்கோ படம் வரைவதிலும் இயந்திரங்களிலும்தான் நாட்டம். வீட்டில் மறுத்தும் கேளாமல் 1885இல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் ஓர் உண்மை தெரிந்துபோயிற்று: சில நிறங்களை அவரால் பிரித்தறிய முடியவில்லை. ஓவியக் கனவு அத்தோடு முடிந்தது. நிறம் தேவைப்படாத இயந்திர வரைபடத்தில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அதுவே வேலையும் வாங்கித் தந்தது.

பம்புசெட், ஆயில் இன்ஜின், லேத் என்று கிணற்றடியிலும் பட்டறையிலும் நாம் பார்த்துப் பழகிய கிர்லோஸ்கர் என்ற பெயரின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது. குடும்பத்தார் நடத்திய ஒரு பொறியியல் தொழிலுக்கு முன்னாள் ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்கிய கதை இது. இப்படியொரு செய்தி கிடைத்தால் மேலாண்மை நூல்கள் உடனே பொறுமை, வழிகாட்டும் பண்பு, பிறரை வளர்த்தெடுக்கும் மனம் என்று பட்டியல் போடத் தொடங்கிவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொறுமையில்லாத வாத்தியார்களையும் நமக்குத் தெரியும், பொறுமையால் கடனில் மூழ்கிய முதலாளிகளையும் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர் எந்தப் பாடத்துக்கு ஆசிரியராக இருந்தார்? லட்சுமண்ராவ் வரைபட ஆசிரியர். அவர் தொடங்கிய தொழிலின் போக்கைப் பெருமளவு தீர்மானித்தது அந்தப் பாடம்தான் என்பது என் கணிப்பு.

அவர் வேலையை விட்டதற்குக் காரணமாக இலட்சியம் எதுவும் சொல்லப்படுவதில்லை. அவருக்கு வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ-இந்தியருக்குப் போனது. அதனால் லட்சுமண்ராவ் விலகினார் என்பதே குடும்பத்தார் சொல்லிவரும் காரணம். அதற்கு முன்பே வேறொரு கதவு திறந்திருந்தது. பம்பாய்த் தெருவில் முதன்முதலாக சைக்கிளைப் பார்த்து வியந்த லட்சுமண்ராவ், ஆசிரியராக இருந்துகொண்டே அண்ணன் ராமண்ணாவுடன் சேர்ந்து பெல்காமில் சைக்கிள் வியாபாரம் தொடங்கியிருந்தார். கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனம் தன் தொடக்க ஆண்டாக 1888ஐச் சொல்வது அந்தக் கடையை வைத்துத்தான். தம்பி பம்பாயில் வாங்கி அனுப்புவார், அண்ணன் பெல்காமில் விற்பார். ஓட்டத் தெரியாதவர்களுக்கு 15 ரூபாய் கட்டணத்தில் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கடை இருந்த வீதிக்கு இன்று கிர்லோஸ்கர் ரோடு என்று பெயர்.

கழகத்தில் வகுப்பு முடிந்த பின் அங்கிருந்த பட்டறையிலேயே அவர் பொழுது கழிந்தது. மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பாகங்களை அங்கே கழற்றிப் பார்க்கலாம், திரும்ப மாட்டலாம். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அந்தக் காலத்தில் வரைபடம் படித்தவர்கள் பெரும்பாலும் பொதுப்பணித் துறைக்கோ ரயில்வேக்கோ வரைவாளராகப் போனார்கள். இரும்பைத் தொட்டவர்களுக்கு வரைபடம் தெரியாது. ஒரே ஆள் இரண்டையும் அறிந்திருப்பது அரிது.

பெல்காமுக்குத் திரும்பிய பின் சைக்கிளோடு நிற்காமல், தட்டை வெட்டும் இயந்திரம், இரும்புக் கலப்பை என்று விவசாயக் கருவிகளில் இறங்கினார். கலப்பை விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டு மரக்கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும், புரட்டிப் போடாது. சீமையிலிருந்து இறக்குமதியான இரும்புக் கலப்பையில் கொழுவுக்குப் பின்னால் வளைந்த தகடு ஒன்று இருக்கும். கொழு அறுத்த மண் அந்த வளைவில் ஏறித் தலைகீழாக விழும். களை அடியில் புதைந்துவிடும். தக்காணத்துக் கரிசலில் ஆழ வேரோடிய புல்லை அழிக்க இது மிகவும் உதவும். ஆனால் இழுக்கக் கூடுதல் மாடு வேண்டும், விலையும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்ற பயம் விவசாயிகளிடம் இருந்தது. முதல் கலப்பை விற்க இரண்டு ஆண்டுகள் ஆயின என்கிறார்கள். இந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று நகைத்துவிட்டுப் போவது சுலபம். ஒரே போகத்தை நம்பி வாழ்பவன், பழகாத கருவியை நிலத்தில் இறக்கத் தயங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கருவி தப்பினால் அந்த ஆண்டு பட்டினி.

இனி அந்தக் கலப்பையைச் செய்கிறவரின் பக்கம் வருவோம். ஊர்க் கொல்லர் கலப்பையின் இரும்புப் பாகங்களைக் கண்ணளவில் அடித்துக் கொடுப்பார். அந்தக் கலப்பைக்கு அவர்தான் வைத்தியர். ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது, பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. வார்ப்பிரும்புக் கலப்பை வேறு சாதி. அதை முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம் என்று காகிதத்தில் பிரித்து அளவு குறிக்க வேண்டும். அந்த அளவை வைத்து ஆசாரி மரத்தில் மாதிரி செய்வார். உருகிய இரும்பு ஆறும்போது அடிக்குச் சுமார் எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்கும். ஆகவே மாதிரி அந்த அளவு பெரிதாக இருக்க வேண்டும். மாதிரியை மண்பெட்டியில் அழுத்தி எடுத்த குழியில்தான் இரும்பை ஊற்றுவார்கள். கொழுவின் முனை மென்மையாக இருந்தால் சீக்கிரம் தேயும், கடினமாக இருந்தால் கல்லில் பட்டு உடையும். முனை இருக்கும் இடத்தில் மட்டும் மண்ணுக்குப் பதில் இரும்புத் துண்டை வைத்து, அங்கே வார்ப்பு சட்டென்று குளிர்ந்து இறுகும்படி செய்வது ஃபவுண்டரிக்காரர்கள் கண்டுவைத்திருக்கும் வழி. இத்தனையும் சரியாக அமைந்தால்தான், கொழு தேய்ந்தவுடன் விவசாயி புதுக் கொழு வாங்கித் தானே திருகி மாட்டிக்கொள்ள முடியும். சீமைக் கலப்பையைப் பார்த்து ஒன்று செய்துவிடுவது கெட்டிக்காரக் கொல்லர் எவருக்கும் இயலும். ஆயிரமாவது கலப்பையும் முதல் கலப்பையின் கொழுவை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், கொல்லரின் கையில் இருப்பது காகிதத்துக்கு வந்தாக வேண்டும். லட்சுமண்ராவ் வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கற்பித்தது இந்த ஒன்றைத்தான்.

பெல்காம் நகராட்சி, புதுக் குடியிருப்பு அமைப்பதற்காக லட்சுமண்ராவின் பட்டறை இருந்த இடத்தைக் காலிசெய்யச் சொன்னது. போக்கிடம் இல்லாத நிலையில் ஔந்து சமஸ்தானத்து அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி கைகொடுத்தார். அங்கே ஒரு கோயில் மண்டபப் பணியை லட்சுமண்ராவ் எடுத்துச் செய்ததில் ஏற்பட்ட பழக்கம். அரசரே ஓவியர், சூரிய நமஸ்காரத்தைப் பரப்பியவர் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். குண்டல் ரோடு ரயில் நிலையத்தருகே 32 ஏக்கர் நிலமும் 10,000 ரூபாய்க் கடனும் தந்தார். கள்ளியும் நல்லபாம்பும் நிறைந்த பொட்டல் காடு அது. 1910 மார்ச்சில் 25 தொழிலாளர் குடும்பங்களோடு அங்கே குடியேறினார்கள். இங்கிலாந்தில் லீவர் நிறுவனம் கட்டிய போர்ட் சன்லைட், கேட்பரியின் போர்ன்வில் முதலிய ஆலைக் குடியிருப்புகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்து, அதைப்போல ஒன்று இங்கேயும் வேண்டும் என்ற ஆசை லட்சுமண்ராவுக்கு இருந்தது. கிர்லோஸ்கர்வாடி பிறந்தது இப்படித்தான். பின்னாளில் ரயில் நிலையமும் அந்தப் பெயரையே ஏற்றது.

குடும்பத்து நினைவுகளில் இந்த இடம் வீரகாதையாகவே வருகிறது. அதைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. வேதம் ஓதும் வீட்டில் பிறந்து, ஜே.ஜே. பள்ளிக்குப் போய், ஓர் அரசரோடு கோயில் மண்டபத்தைப் பற்றிச் சமமாக உட்கார்ந்து பேச முடிந்தவருக்கே அந்த 10,000 ரூபாய் கிடைத்தது. பெல்காமில் அதே காலத்தில் உலை ஊதிக்கொண்டிருந்த எந்தக் கொல்லருக்கும் 32 ஏக்கர் கிடைத்திருக்காது. இரும்பு வேலை இன்னின்ன சாதிக்கு என்றிருந்த சமூகத்தில் ஒரு பிராமணர் கையில் கரி பூசிக்கொண்டது பெரிய மீறல்தான். அந்த மீறலுக்குத் துணிவு வந்ததில் அவர் பிறப்புக்கும் பங்குண்டு.

ஆனால் வரைபடம் ஒரு வேலையைச் செய்தது. தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த தொழிலை, காகிதத்தைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் திறந்துவிட்டது. கிர்லோஸ்கர்வாடியின் முதல் கூட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். அனந்தராவ் ஃபல்னிகர் படிப்பை முடிக்காதவர். இங்கே கற்பனை வளமுள்ள பொறியாளராக மதிக்கப்பட்டார். கே.கே. குல்கர்ணியும் படிப்பைக் கரைசேர்க்காதவர்தான். விற்பனையில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். மங்கேஷ்ராவ் ரேகே கணக்கைப் பார்த்துக்கொண்டார். கொள்ளையர் என்று பெயரெடுத்து தண்டனை பெற்ற துக்காராம் ராமோஷி, பீர்யா மாங் இருவரும் இரவுக் காவலுக்கு அமர்த்தப்பட்டார்கள். அந்தக் குடியிருப்பில் தீண்டாமைக்கு இடமில்லை என்று லட்சுமண்ராவ் அறிவித்திருந்தார். தேர்வில் தவறியவரை வைத்து ஆலை நடத்தியதை அவருடைய பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். வேறு விதமாகவும் பார்க்கலாம். நிறம் தெரியாததால் ஒரு படிப்பிலிருந்து வெளியே வந்த ஆசிரியருக்கு, மதிப்பெண் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பது தெரிந்திருக்கும்.

இந்தக் குடியிருப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. வீடு முதலாளியுடையது, தெரு முதலாளியுடையது, ஒழுக்க விதிகளும் முதலாளியுடையவை. ஆலைக் குடியிருப்பில் வேலை போனால் வீடும் போகும். வகுப்பில் ஆசிரியருக்கு இருக்கும் அதிகாரம் மணி அடித்தால் முடிந்துவிடும். கிர்லோஸ்கர்வாடியில் மணி அடித்த பிறகும் தொழிலாளி அவருடைய ஊரில்தான் இருந்தார். போர்ட் சன்லைட்டுக்கும் இது பொருந்தும்.

முதல் உலகப்போர் இறக்குமதியை அடைத்தது. சீமைக் கலப்பை வராததால் சந்தை திறந்தது. கச்சா இரும்பும் நிலக்கரியும் வராததால் உலை தவித்தது. நிலக்கரி இல்லாத இடத்தில் மரக்கரியை எரித்துப் பார்த்தார்கள். கோலாப்பூர் சாகு மகாராஜா தம் கோட்டையில் கிடந்த பழைய பீரங்கிகளை உருக்கிக்கொள்ளத் தந்தார். பீரங்கி கலப்பையானது.

1920இல் நிறுவனம் லிமிடெட் கம்பெனியாயிற்று. அதே ஆண்டில் லட்சுமண்ராவின் சகோதரர் மகன் சங்கர்ராவ், கலப்பை வாங்குவோருக்கும் முகவர்களுக்குமாக ஒரு செய்தி இதழைத் தொடங்கினார். ‘கிர்லோஸ்கர் கபர்’ என்ற அந்த இதழ் சில ஆண்டுகளில் மராத்தி மொழியின் முக்கியமான பொதுப் பத்திரிகைகளில் ஒன்றாயிற்று. 1930இல் பெண்களுக்கென ‘ஸ்திரீ’, 1934இல் இளைஞர்களுக்கென ‘மனோகர்’. கலப்பை ஆலையிலிருந்து சீர்திருத்தக் கட்டுரையும் சிறுகதையும் வருவதை வியாபாரத் தந்திரம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. கருவியை விற்க வேண்டுமானால் முதலில் அதைப் புரியவைக்க வேண்டும் என்ற பாடத்தை, மண் விஷமாகும் என்று பயந்த விவசாயிகளிடமிருந்தே அவர்கள் கற்றிருந்தார்கள்.

லட்சுமண்ராவின் மகன் சாந்தனுராவ் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு 1926இல் ஊர் திரும்பினார். அதே ஆண்டில்தான் கிர்லோஸ்கர்வாடியிலிருந்து முதல் சென்டிரிஃபியூகல் பம்பு வெளிவந்தது. 1941இல் மைசூர் சமஸ்தானத்தின் ஹரிஹரில் லேத் தயாரிப்பு, 1946இல் பூனாவில் ஆயில் இன்ஜின், பெங்களூரில் மின் மோட்டார் என்று தொழில் கிளைத்தது. லட்சுமண்ராவ் 1956 செப்டம்பர் 26இல் இறந்தபோது, அவர் தொடங்கியதைப் பெரிதாக்கும் பொறுப்பு ஏற்கெனவே அடுத்த தலைமுறையின் கையில் இருந்தது.

கோயம்புத்தூரை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. அங்கே இதே காலத்தில் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மக்கள் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு வைத்தார்கள். அந்த அறக்கட்டளையின் தொழிற்பயிலகம் பயிற்சிக்கூடமாகவும், பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்சாலையாகவும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தது. பைக்காரா மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கொங்கு நாட்டுக்கு வந்ததும் கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டு மோட்டாரைச் செய்தார்கள். ஜி.டி. நாயுடு 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் தொடங்கி, படிப்பை ஆண்டுக்கணக்கில் இழுப்பது வீண் என்று வாதாடினார். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன் தமிழில் அறிவியல் பரப்ப ‘கலைக்கதிர்’ இதழை நடத்தினார். மராத்திய நாட்டில் ஆசிரியர் ஆலைக்குப் போனார், ஆலை பத்திரிகை நடத்தியது. கோவையில் ஆலைக் குடும்பங்கள் பள்ளி கட்டின, கல்லூரி முதல்வர் பத்திரிகை நடத்தினார். பம்பு செய்த இரு ஊர்களும் கற்பித்தலை விடவில்லை. பிற்காலத்தில் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் கோவைக்கே வந்து கணியூரில் சிறிய பம்புகள் செய்யும் ஆலையை அமைத்தது. அந்த ஆலையைப் பெண்களே நடத்துகிறார்கள்.

கிர்லோஸ்கர் கதைக்கு ஒரு குறை உண்டு. நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி குடும்பத்தார் எழுதியது, அல்லது நிறுவனம் சொல்வது. சாந்தனுராவின் தன்வரலாறு, நிறுவன வெளியீடுகள், நூற்றாண்டு விழா மலர்கள். ஆலைக்குள் வேலை செய்தவர் எழுதியது அரிது. அரசர் தந்த கடன் பதிவாகியிருக்கிறது. மாதிரி செய்த ஆசாரியின் பெயர் பதிவாகவில்லை. அதனால் தலைமையைப் பற்றிய எந்த முடிவையும் சற்றுத் தள்ளிவைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன். வரைபடமாக்கக் கூடியதெல்லாம் அந்தக் குடும்பத்தில் தலைமுறை தாண்டி நன்றாகவே போய்ச் சேர்ந்தது: பம்பு, இன்ஜின், லேத், விற்பனை முறை, பழுதுபார்க்கும் ஏற்பாடு. உடைமையை அப்படிக் கைமாற்ற முடியவில்லை. குடும்பக் கிளைகளுக்கிடையே 2009இல் எழுதிய உடன்படிக்கையைப் பற்றிய வழக்கு 2021இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சமரசம் பேசிப் பாருங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு லட்சுமண்ராவைக் குறைசொல்வதில் நியாயமில்லை. தொழிலைக் கற்பிக்கும் முறை அவருக்குத் தெரியும். பங்குகளைப் பிரித்துக்கொள்ளக் கற்பிக்கும் பாடம் எந்தத் தொழில்நுட்பக் கழகத்திலும் இல்லை.

கிர்லோஸ்கர்வாடி தன்னைப் பற்றி எழுதிவைத்துக்கொண்டது. நம் பட்டறைகள் எழுதவில்லை. கோவை, திருப்பூர், ராஜபாளையம், ஓசூர் பக்கம் தாத்தா காலத்து ஃபவுண்டரி, லேத் பட்டறை நடத்தும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். மூலையில் கிடக்கும் பென்சில் வரைபடங்களையும், அளவு எழுதிய நோட்டுகளையும், மர மாதிரிகளையும் எடைக்குப் போடுமுன் அருகிலுள்ள கல்லூரி நூலகத்திடமோ வரலாற்றுத் துறையிடமோ காட்டுங்கள். அவற்றை யார் வரைந்தார், யார் செதுக்கினார் என்பது இன்னும் நினைவிருப்பவர் வீட்டில் இருந்தால், அந்தப் பெயர்களையும் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.